வெளியே வராத அட்டை

வெடிச் சத்தத்தில் அலுவலகச் சன்னல் கண்ணாடி பொலபொலவென்று உதிர்ந்தது. அன்பரசி தலையைத் தூக்கிப் பார்த்தபோது செம்பனை எண்ணெய் ஆலையின் நான்கு கொட்டகைகளையும் புகை விழுங்கியிருந்தது. கொதிகலனுக்குப் பக்கத்தில் குவித்திருந்த நார் எரிந்துகொண்டிருந்தது.

பொம்பா தீயணைப்புப் படையின் தன்னார்வலன் ஜோனாஸ் வாசலில் வந்து நின்றான். "சுங்கை ஆயர் தாவார்ல இருந்து பெரிய வண்டி வர நேரமாவும். எங்க ரெண்டு பேருகிட்டதான் மூச்சுக்கவசம் இருக்கு. ஒரு கதவுக்குள்ளதான் போக முடியும். உள்ள ஆள் இருக்கா சிஸ்டர்? இருந்தா எந்தக் கதவு?"

"யாரும் இல்ல லா," என்றார் ஆலைக் கணக்கெல்லாம் பார்க்கும் பெரிய கிராணி உடையப்பன். "மண்டோர் தன் ஆளுங்கள எல்லாம் வரிசையா நிக்க வச்சுத் தலைய எண்ணிட்டாரு. இன்னைக்கு வேலைக்கு வந்தவங்க எல்லாரும் வெளிய நிக்கிறாங்க."

"வேலைக்கு வராத யாராச்சும் உள்ள போயிருந்தா, அங்கிள்?"

அன்பரசி கணினியின் பக்கம் திரும்பினாள்.

ஆலையின் தரவுத்தளம் அன்பரசியின் பொறுப்பு. எந்தக் கொட்டகைக்குள் நுழைந்தாலும் வெளியேறினாலும் கதவில் அட்டையைத் தட்ட வேண்டும். ஆபத்தென்று ஓடி வந்தால் கூடுமிடத்தில் இருக்கும் கருவியில் தட்ட வேண்டும். உள்ளே தட்டிவிட்டு வெளியே தட்டாத அட்டை எது? கணினியிடம் கேட்டாள்.

திரையில் வட்டம் சுழன்றது. சுழன்றுகொண்டே இருந்தது. போன மாத ஒத்திகையில் கண் இமைப்பதற்குள் வந்த பதில் இது.

"ரீஸ்டார்ட் பண்ணு பிள்ள."

"அது எழுந்து வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடும், அங்கிள்."

தரவுத்தளம் எந்த வழியில் தேடுகிறது என்று திறந்து பார்த்தாள். போன வாரம்தான் மூன்று எஸ்டேட்டுகளின் பழைய வாசல் பதிவுகளை, லட்சக்கணக்கில், இதே அட்டவணையில் கொட்டியிருந்தார்கள். தரவுத்தளமோ தன்னிடம் ஒரு கைப்பிடிப் பதிவுதான் இருப்பதாக இன்னும் நம்பிக்கொண்டிருந்தது. அதனால் எந்தப் பதிவு எங்கே என்று காட்டும் குறியீட்டுப் பட்டியலை ஒதுக்கிவிட்டு, ஒவ்வொரு அட்டைக்கும் அத்தனை பதிவுகளையும் மேலிருந்து கீழ்வரை புரட்டிக்கொண்டிருந்தது.

எவ்வளவு பதிவு இருக்கிறது என்று அதற்கு அளந்து சொல்லும் வேலை இரவுதோறும் தானாக ஓட வேண்டும். ஒரு வாரமாக ஓடவே இல்லை.

"ராத்திரி வேலைய யாரு நிறுத்துனது?"

"நான்தான்," என்றார் உடையப்பன். "ஆயுத பூசைக்கு மெஷின் எல்லாத்துக்கும் பொட்டு வச்சு ஓய்வு குடுத்தோம்ல? கம்ப்யூட்டர மட்டும் வேலை வாங்கலாமா? மறுநாள் திருப்பிப் போட மறந்துட்டேன்."

அவள் ஓடிக்கொண்டிருந்த தேடலை வெட்டினாள். அளக்கும் வேலையைக் கையாலேயே முடுக்கினாள்.

"நான் கொதிகலனுக்குப் போறேன்," என்றான் ஜோனாஸ்.

"கொஞ்சம் இரு."

"நெருப்பு எனக்காக நிக்குமா, சிஸ்டர்?" அவன் படியிறங்கிவிட்டான்.

அளந்து முடிந்தது. மறுபடி கேட்டாள். விரலை எடுப்பதற்குள் பதில் வந்தது. ஒரே ஒரு வரி. அதிலிருந்த பெயரை விட்டுவிட்டு, இடத்தை மட்டும் சன்னல் வழியே கத்தினாள்.

"ஜோனாஸ், கொதிகலன் இல்ல. சோதனைக்கூடம்."

"யாரு மா?" உடையப்பன் திரைக்குக் குனிந்தார்.

லோகேஸ்வரி. அவருடைய மகள். சோதனைக்கூடத்தில் பயிற்சிக்குச் சேர்ந்திருந்தவள்.

"அவ உடம்பு சரியில்லன்னு எம்சி போட்டிருக்கா," என்றார் நிதானமாக, யாரோ கணக்கில் தப்பு செய்துவிட்டதைப் போல. "வீட்டுல படுத்திருக்கா. காலையில கஞ்சி குடுத்துட்டுத்தானே வந்தேன்." கைப்பேசியை எடுத்து அழைத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. இருவரும் வெளியே ஓடினார்கள்.

புகைக்குள்ளிருந்து ஜோனாஸும் மற்றத் தன்னார்வலனும் வெளியே வந்தபோது ஜோனாஸின் தோளில் லோகேஸ்வரி தொங்கிக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் கரி. புல்லில் கிடத்தியதும் அடிவயிற்றிலிருந்து இருமினாள்.

"பயிற்சி அறிக்கைய எடுக்கத்தான்பா வந்தேன்." குரல் பாதி காற்றாக வந்தது.

"உசுருக்கு ஒண்ணும் இல்ல," என்றான் ஜோனாஸ். "புகைய நிறைய குடிச்சிட்டா. கொஞ்சம் முந்திப் போயிருந்தா இவ்வளவு ஆயிருக்காது."

வந்து நின்ற ஆம்புலன்ஸின் கதவு திறந்தது. உடையப்பன் மகளருகே போகாமல் அன்பரசியின் பக்கம் திரும்பினார்.

"அந்த வட்டம் எவ்வளவு நேரம் சுத்துச்சு மா?"

அவளுக்கு அது தெரியும்.

"ஏறுங்க அங்கிள்," என்றாள். "கூட ஆள் வேணும்ல."