செவலை சிலுப்பவில்லை

அண்ணன் அந்த இல்லத்தில் இருந்தது முந்நூற்று நாற்பத்தொரு நாள்.

தங்கச்சிமடம் போகும் வழியில், கடலுக்கு முதுகு காட்டி நிற்கும் கட்டடம். மனநோய் வந்தவர்களை வைத்துப் பார்த்துக்கொள்ளும் இடம். வயலில் யாரோ நின்று தன்னைக் கூப்பிடுவதாக அண்ணன் சொல்லத் தொடங்கியிருந்தான். கூப்பிட்ட பக்கம் எழுந்து போய்விடுவான். கடைசியில் அய்யா அவனை அங்கே கொண்டுபோய் விட்டார். வண்டியில் வழியெல்லாம் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே வந்தான்.

அன்றைக்கே அம்மா முனியசாமிக்கு நேர்ந்துகொண்டாள். மகன் குணமாகித் திரும்பினால், அவன் வளர்த்த கிடாயை வெட்டுவதாக. செவலை அப்போது குட்டி. தாய் ஆடு செத்த பிறகு அண்ணன்தான் புட்டியில் பால் கொடுத்துப் பிழைக்க வைத்தான்.

"வேற கிடா வாங்கிக்கலாமே" என்றார் அய்யா.

"பிரியமானதக் குடுத்தாத்தான் சாமி காதுல விழும்."

நான் பி.எஸ்சி. விலங்கியல் முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். எனக்கு ஆட்களோடு பேச வராது. வாரம் ஒருமுறை அண்ணனைப் பார்க்கப் போவேன். இரண்டு பேரும் வேப்பமரத்தடியில் பேசாமல் உட்கார்ந்திருப்போம். ஒருநாள் கிளம்பும்போது, "செவல தின்னுதா?" என்று கேட்டான். அங்கே போனபின் அவன் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது.

இல்லத்தின் பொறுப்பாளர் சாலிஹா அக்கா அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். மதுரையிலிருந்து மாதாமாதம் வரும் டாக்டரம்மாவிடம் சொல்லியிருக்கிறார். வெளிநாட்டில் நோயாளிகளைப் பார்க்க வீட்டு நாய்களைக் கூட்டிப் போவார்களாம். வளர்ப்பவரும் நாயும் சேர்ந்து பழகி, சேர்ந்தே பரீட்சையில் தேறி, ஒரு ஜோடியாகப் போக வேண்டும். சம்பளம் கிடையாது.

"நாய்னுதான் சொன்னாங்க. ஆடு கூடாதுன்னு சொல்லல" என்று சிரித்தார் சாலிஹா அக்கா. "நீ கூட்டிட்டு வாரியா?"

தலையாட்டினேன்.

அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "நேந்துவிட்ட கிடாய ஊர் சுத்த விடுவாகளா?"

"அதான் சாமிக்குன்னு ஆயிருச்சே. எங்க போனாலும் சாமி கூடவே போகட்டும்" என்றார் அய்யா.

கால்நடை மருத்துவர் பார்த்து ஊசி போட்டார். அகலப்பாதை வேலைக்காக ரயிலை நிறுத்தியிருந்த வருடம் அது. மீன் ஏற்றப் பரமக்குடியிலிருந்து பாம்பனுக்குக் காலியாகப் போகும் வண்டியில் ஹமீது சுல்தான் எங்களை ஏற்றிக்கொண்டார். கிடாய் வாடைக்குச் செவலையைச் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டியிருந்தேன்.

"என் வண்டியில வாசனையா ஏறுன மொத ஆள் இவருதான்" என்றார். பாதி வழியில், "இந்தத் தங்கச்சி பேசுனத விட ஆடு பேசுனதுதான் சாஸ்தி" என்றார்.

இல்லத்தில் வைத்த பரீட்சையில் தட்டைக் கீழே போட்டார்கள். செவலை ஓடவில்லை. நாலைந்து பேர் ஒரே நேரத்தில் தொட்டார்கள்; நின்றது. ஒருவர் காதை இழுத்தார், முட்டவில்லை. அங்கே தங்கியிருந்த சோலையம்மாளிடம்தான் தோற்றது. உள்ளே வரும் எதன் மேலும் செம்பிலிருந்து தண்ணீர் தெளிக்காமல் அந்த அம்மா விடமாட்டார். தெளித்ததும் செவலை உடம்பைச் சிலுப்பியது. கொம்பு சாலிஹா அக்காவின் முழங்கையைக் கீறிவிட்டது.

"யாரு முகத்துலயாவது பட்டா என்னத்தா செய்ய?" என்றார். "இத மட்டும் பழக்கிட்டு வா."

மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் வைத்துப் பழக்கினேன். முதலில் விரலால் ஒரு சொட்டு. அசையாமல் நின்றால் அகத்திக்கீரை. பிறகு ஒரு கை தண்ணீர். பிறகு செம்போடு. சில வாரங்களில், தண்ணீர் பட்டதும் கல்போல நின்று என் கையைப் பார்க்கத் தொடங்கியது. சோலையம்மாள் ஒரு செம்பு முழுக்க ஊற்றியும் நின்றது. "சொன்ன பேச்சுக் கேக்குற மாப்பிள்ளடீ" என்று அந்த அம்மா அதன் நாடியைப் பிடித்துக் கொஞ்சினார். நாங்கள் தேறிவிட்டோம்.

அதன் பிறகு வாரந்தோறும் போனோம். வராந்தாவில் படுத்தே கிடந்தவர்கள் எழுந்து வந்து கீரை கொடுத்தார்கள். அண்ணன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கேட் வரை நடந்தான். அப்புறம் கடல் வரை. மாத்திரையும் ஒழுங்காகப் போட்டான். வயலில் கூப்பிட்ட குரல் இப்போது கேட்பதில்லை என்று டாக்டரம்மாவிடம் அவனே சொன்னான்.

ஒருநாள் செவலையின் கழுத்தைச் சொறிந்துகொண்டே, "நான் நல்லாயிட்டா இத வெட்டிருவாகல்ல?" என்றான்.

நான் மணலைப் பார்த்தேன்.

வீட்டுக்குக் கூட்டிப் போகலாம் என்று டாக்டரம்மா சொன்னார். அம்மா அன்றே நாள் குறித்தாள். அண்ணன் நேரே கோயிலுக்கு வரவேண்டும். கிடாய் வெட்டி முடித்த பிறகுதான் வீட்டு வாசலை மிதிக்க வேண்டும்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் பக்கம் கிடாயை அப்படியே வெட்டிவிட மாட்டார்கள். பூசாரி மேலே தண்ணீர் தெளிப்பார். அது உடம்பைச் சிலுப்பினால் சாமிக்குச் சம்மதம். மூன்று முறை தெளித்தும் சிலுப்பாவிட்டால் கத்தியை உறையில் போட்டுவிடுவார்கள்.

நான் வாய் திறக்கவில்லை. செவலை பிழைக்கும், அண்ணனும் வீட்டுக்கு வருவான் என்று கணக்குப் போட்டேன்.

ஹமீது சுல்தானின் வண்டியில் அண்ணன் வந்து இறங்கினான். கையில் துணிப்பை. கோயில் முன்னால் உறவுக்காரர்கள் கூடியிருந்தார்கள். செவலைக்கு மாலை போட்டிருந்தது. பூசாரி பூமிநாதன் மஞ்சள் தண்ணீரைத் தெளித்தார்.

செவலை கல்போல நின்றது. கூட்டத்துக்குள் என்னைத் தேடியது. கண்டுபிடித்து என் கையைப் பார்த்தது.

இரண்டாம் முறை. "உத்தரவு குடுப்பா" என்று யாரோ சொன்னார்கள். மூன்றாம் முறை செம்பையே கவிழ்த்தார். முதுகில் தண்ணீர் வழிய நின்றுகொண்டு, அது இன்னும் என் கையையே பார்த்தது.

பூமிநாதன் கத்தியைத் துணியில் சுற்றினார். "சாமி வேணாங்குது தாயி."

அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். "எம்மகனுக்கு இன்னும் சொகமாகல. அதான் வாங்க மாட்டேங்குது."

"டாக்டரம்மாதான் சொகமாயிருச்சுன்னு எழுதிக் குடுத்திருக்கே" என்றார் அய்யா.

"டாக்டரம்மாவா சாமி? உத்தரவு இல்லாம வாசப்படி ஏத்துனா, மறுபடி வயக்காட்டுக்கு எந்திரிச்சுப் போவான். அங்கனயே இருக்கட்டும். அடுத்த வருசம் கேப்போம். அதுக்கும் அடுத்த வருசம் கேப்போம்."

நாலைந்து பேர் அண்ணனை விட்டுத் தள்ளி நின்றார்கள்.

அண்ணன் செவலையிடம் போனான். மாலையைக் கழற்றிவிட்டு, துண்டால் அதன் முதுகைத் துடைத்தான். "சரிம்மா, நான் போறேன்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு வண்டியை நோக்கி நடந்தான். நான் பின்னாலேயே ஓடினேன்.

ஏறி உட்கார்ந்ததும் என்னைப் பார்த்தான். சோலையம்மாள் செம்பு முழுக்க ஊற்றியபோது பக்கத்தில் நின்றவன் அவன்தான்.

"வாயத் தொறந்துறாத உமையா" என்றான். "அது இருந்துட்டுப் போகட்டும்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனால் விரல்கள் மேல்பொத்தானுக்குப் போயிருந்தன. திருகிக்கொண்டிருந்தன.

"போவமா தம்பி?" என்று கேட்டபடி ஹமீது சுல்தான் சாவியைத் திருப்பினார். நான் வண்டிக்கு முன்னால் போய் நின்றேன். அங்கிருந்து பார்த்தால் கோயில் தெரிந்தது. அம்மா எழவில்லை. செவலை கயிற்றை இழுத்துக்கொண்டு என் பக்கம் திரும்பி நின்றது. இன்னும் கீரை கொடுக்கவில்லையே என்று நிற்கிறது.

"ஏத்தா, வழிய விட்டு வா" என்றார் அய்யா.

என் குரலை அத்தனை பேர் ஒன்றாகக் கேட்டது அன்றைக்குத்தான்.

"சாமி சொல்லலம்மா. தண்ணி தெளிச்சாச் சிலுப்பக் கூடாதுன்னு நான்தான் அதப் பழக்குனேன்."