அழித்த கைப்பிடி

1942இல், பெர்லின் வரைபட அலுவலகத்தில், போருக்காக ஒரு நீராவி ரயில் எஞ்சின் வகையை எளிமையாக்கிக்கொண்டிருந்தோம். வரைபடத்தில் ஒரு பாகத்தை அழித்தால், ஒவ்வொரு எஞ்சினுக்கும் சில நிமிட வேலை மிச்சம். பக்கத்து மேஜைக்காரர் ஃபோல்ராட், ஏறுபடிக்கு மேலிருந்த கைப்பிடியை அழித்தார்.

"பனியில ஏறுறவன் எதைய்யா பிடிப்பான்?" என்று கேட்டேன்.

"மீசையப் பிடிச்சுக்கட்டும்."

அறையே சிரித்தது.

அடுத்த ஆண்டு அவர் மகன் எல்மார், அதே வகை எஞ்சினில் கரி அள்ளிப்போடும் வேலைக்காகக் கிழக்கே அனுப்பப்பட்டான். உறைந்த படியில் வழுக்கி, சக்கரத்தடியில் விழுந்து இறந்தான் என்று அதற்கடுத்த ஜனவரியில் கடிதம் வந்தது.

மறுநாள் ஃபோல்ராட் வழக்கம்போல் வந்தார். வரைபடத்தை விரித்து, கைப்பிடியைத் திரும்ப வரையத் தொடங்கினார்.

"விடுய்யா. ஆயிரம் எஞ்சின் போயாச்சு," என்றேன்.

அவர் பென்சிலை நிறுத்தவில்லை.

"அவனுக்கு இன்னும் மீசையே முளைக்கலய்யா," என்றார்.