நில்லு என்று சொன்னவர்

என் அண்ணன் ஜெயராஜுக்கும் பேச்சுக்கும் ரொம்ப தூரம். கும்மிடிப்பூண்டியில் ஒரு இரும்பு ஆலையில் இருபத்தோரு வருடம் கிரேனுக்குக் கீழே நின்று சிக்னல் கொடுத்தவர். அங்கே இருக்கிற சத்தத்தில் மேலே கிரேன் ஓட்டுகிறவனுக்கு ஒன்றும் கேட்காது. எல்லாமே கைதான். விரலை மேலே சுழற்றினால் தூக்கு, உள்ளங்கையைக் கீழே காட்டி அசைத்தால் இறக்கு, கையை மூடி உயர்த்தினால் நிறுத்து. அந்தக் கை மூடினால் எட்டு டன் இரும்பும் அப்படியே அந்தரத்தில் நிற்கும்.

வீட்டிலும் அதே கதைதான். சோறு போதும் என்பதற்குக்கூடக் கையை மூடிக் காட்டுவார். "வாய்ல இன்னா கொழுக்கட்டையா வெச்சிக்கினு கீற?" என்று அண்ணி ஆரோக்கியமேரி திட்டிக்கொண்டே கரண்டியை எடுத்துவிடுவார். ஆலைச் சத்தத்தில் அண்ணனுக்குக் காதும் பாதி போய்விட்டது. மெஷின் ஓடுகிற இடத்தில் தன் குரலே தனக்குக் கேட்பதில்லை என்பார்.

எனக்கு மணவாள நகரில் ஒரு சின்ன ஸ்டூடியோ. 'அன்புராஜ் டிஜிட்டல்ஸ்' என்று போர்டு இருக்கும். கல்யாணம், மஞ்சள் நீராட்டு, மாதா கோயில் தேர் என்று எல்லாவற்றுக்கும் ட்ரோன் விடுவேன். லீவு நாளில் அண்ணன் எனக்குத் துணைக்கு வருவார். நான் ரிமோட்டில் மாட்டிய திரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஓரக்கண்ணில் அவர் கை தெரியும். மின்கம்பி, தென்னை மட்டை, வாணம் விடுகிற ஆள், எது குறுக்கே வந்தாலும் அந்தக் கை மூடி எழும். நான் அடுத்த நொடி நிறுத்திவிடுவேன். மூன்று வருடத்தில் ஒரு இறக்கை உடைந்ததில்லை.

நன்றாகப் போய்க்கொண்டிருந்ததை நான்தான் கெடுத்தேன். வாடிக்கையாளர்கள் எல்லாரும் ஒரே பாட்டாகப் பாடினார்கள். ட்ரோன் வாசலில் நுழைந்து, ஆட்களுக்கு நடுவே வளைந்து, ஜன்னல் வழியாக வெளியே போகிற மாதிரி வீடியோ வேண்டுமாம். அதற்கு வேறு ட்ரோன், கண்ணை முழுக்க மூடி, ட்ரோனின் கேமரா பார்ப்பதை உள்ளே திரையில் காட்டுகிற காகிள்ஸ். மாட்டிக்கொண்டால் நாமே ட்ரோனுக்குள் உட்கார்ந்து பறக்கிற மாதிரி இருக்கும். செவ்வாப்பேட்டை ஸ்டேஷனுக்குப் பின்னாலிருந்த காலி மனைகளில் பழகினேன். முதல் நாளே, காலையில் தின்ற இட்லி அத்தனையும் வெளியே வந்தது. மூன்றாவது வாரம் கழற்ற மனமே வரவில்லை. காகிள்ஸ் போட்டால் நான் மணவாள நகர் அன்புராஜ் இல்லை. எனக்குத் தரை கிடையாது, தலைக்குமேல் யாரும் கிடையாது. அந்தத் திமிர் நேராக என் மண்டைக்கு ஏறியது.

ஆனால் காகிள்ஸ் போட்டால் அண்ணனின் கை தெரியாது. அதற்கு ஒரு வழி செய்தேன். பறக்கவிடும்போது இரண்டு பேரும் காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு போன் காலில் இருப்போம். "இனிமே வாயாலதான் சொல்லணும்ண்ணா. நில்லுன்னு சொன்னா போதும்" என்றேன்.

"மறந்துடுவேனோன்னு பயமாக்கீதுடா நைனா. கைதான் முன்னால போவுது" என்றார்.

"அதெல்லாம் பழகிடும்" என்றேன், பெரிய மேதாவி மாதிரி.

ஜூன் மாதம் ஒரு பைப் கம்பெனியிலிருந்து வேலை வந்தது. கேட்டில் நுழைந்து, ஷெட்டுக்குள் மெஷின்களுக்கு நடுவே போய், அடுக்கி வைத்த பைப்புகளைச் சுற்றிப் பின்வாசலில் வெளியேற வேண்டும். எல்லாம் ஒரே ஓட்டத்தில், வெட்டு ஒட்டு இல்லாமல். நான் கேட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். பைப் அடுக்கு திரும்புகிற இடத்தில் அண்ணனை நிறுத்தினேன். பக்கத்திலேயே பைப் அறுக்கிற மெஷின் அலறிக்கொண்டிருந்தது.

நான்கு முறை ஏதாவது ஒன்று சொதப்பியது. ஐந்தாவது முறை எல்லாம் கூடி வந்தது. வெளிச்சம் சரியாக விழுந்தது, வளைவுகள் வெண்ணெய் மாதிரி வந்தன. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

அப்போது காதில் அண்ணனின் குரல் கேட்டது. "நில்லு."

தெளிவாகக் கேட்டது. கொஞ்சம் மேலே ஏற்றினால் எதுவாக இருந்தாலும் தாண்டிவிடலாம் என்று நினைத்தேன். அந்த ஓட்டத்தை விட மனம் வரவில்லை.

"நில்லுடா." இரண்டாவது முறை.

அடுக்கைச் சுற்றித் திரும்பினேன். துடைப்பத்தோடு ஒரு பெண்ணின் முகம் நேர் எதிரே வந்தது. அதற்கும் எனக்கும் நடுவில் ஒரு உள்ளங்கை புகுந்தது. திரை இருட்டானது.

அந்தப் பெண்ணுக்குக் கீறல்கூட இல்லை. அண்ணனின் வலது கையில் இறக்கை ஆழமாக இறங்கியிருந்தது. தையல் போட்டார்கள். நரம்பு அறுந்ததால் நடுவிரலும் மோதிர விரலும் இனி முழுதாக மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட கையோடு படுத்திருந்தவர் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். "ஏன்டா, நான் சத்தம் குடுத்தனா? கைய தூக்கனது மட்டும் ஞாபகம் கீது. அந்த மெஷின் சத்தத்துல எனக்கே ஒன்னும் கேக்கல."

மெஷின் பக்கத்தில் நின்ற யாருக்கும் கேட்டிருக்காது. கேட்டது உலகத்திலேயே என் ஒருவன் காதுக்குத்தான்.

"இல்லண்ணா" என்றேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "நெனச்சேன். பழக்க தோஷம். ஒரு பொம்பளைய கொல்லப் பாத்துட்டனே" என்றார். நானும் ஒரு மனுஷன் என்று அங்கே நின்றுகொண்டிருந்தேன்.

இரண்டு மாதம் கழித்துக் கையை ஆலையில் காட்டச் சொன்னார்கள். இடது கை எப்போதும் சுமையைத் திருப்புகிற கயிற்றில் இருக்கும், சிக்னல் வலது கைதான். நாற்பதடி உயரத்திலிருந்து பார்க்கிறவனுக்கு அந்தக் கை மூடியிருக்கிறதா, இறக்கச் சொல்கிறதா என்று தெரியவில்லை. வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள். கான்ட்ராக்ட் வேலை, கேட்க நாதியில்லை.

போன ஞாயிறு பூசை முடிந்து அண்ணன் வீட்டுக்குப் போனேன். அண்ணி டீ கொடுத்தார். அண்ணன், "உன்கூட மறுபடியும் வரட்டாடா?" என்று கேட்டார். "வாயால சொல்ற வேலைதான? கை தேவையில்ல. இந்த வாட்டி மறக்க மாட்டேன். தெனமும் குளிக்கசொல்ல நில்லு நில்லுன்னு சொல்லிப் பழகிக்கினு கீறேன்."

"வேணாம் தம்பி" என்றார் அண்ணி. "இவர நம்பி உன் பொழப்ப கெடுத்துக்காத. மறுபடி ஊமையன் மாரி கைய தூக்கிக்கினு நிப்பாரு. ஆண்டவர் புண்ணியத்துல அன்னிக்கி அந்தப் பொம்பள பொழச்சுது. ஒவ்வொரு வாட்டியும் பொழைக்குமா?"

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு, மடங்காத விரல்களை இடது கையால் அழுத்தி மடக்கிக்கொண்டிருந்தார். அவருடைய சாமர்த்தியம் ஒன்றே ஒன்றுதான். ஆபத்து வந்தால் சரியான நேரத்தில் நிறுத்துவார். அதையும் நான் பிடுங்கி வைத்துக்கொண்டு அவர் வீட்டு டீயைக் குடித்துக்கொண்டிருந்தேன். எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது.

"நீ சொன்னண்ணா" என்றேன். "ரெண்டு தபா சொன்ன. எனக்கு நல்லா கேட்டுச்சு."

அண்ணன் நிமிர்ந்து என் வாயையே பார்த்தார். "மெய்யாலுமா?"

"மெய்யாலும்தான்."

அவர் முகம் மலர்ந்ததை என்னால் பார்க்க முடியவில்லை. "மேரி, கேட்டியா? நான் சொல்லிக்கீறேன். ரெண்டு தபா சொல்லிக்கீறேன்" என்றார். கண்ணில் நீர் வந்துவிட்டது. கெட்ட கையாலேயே துடைத்துக்கொண்டு சிரித்தார். அண்ணி சிரிக்கவில்லை. அவர் என்னைப் பார்த்தபடி நின்றார்.

அண்ணியின் முகத்தைப் பார்த்த பிறகுதான் அண்ணனின் சிரிப்பு மெதுவாக நின்றது.

"அப்போ ஏன்டா நிறுத்தல?" என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"வீடியோ நல்லா வந்துக்கினு இருந்துச்சுண்ணா" என்றேன்.