மேஜர் தேசமுத்துவின் பதக்கங்கள்

பதக்கங்களின் கனம் தாங்காமல் மேஜர் தேசமுத்து முன்பக்கமாகச் சாய்கிறார், இரண்டு சிப்பாய்கள் பின்னாலிருந்து அவருடைய பெல்ட்டைப் பிடித்து இழுக்கிறார்கள், திருடன் வெற்றிலை மென்றபடி வங்கியிலிருந்து நிதானமாக வெளியேறுகிறான், இதை நான் வரைந்துகொண்டிருக்கிறேன், அல்லது எப்போதோ வரைந்ததைக் கனவில் பார்க்கிறேன், இப்போதெல்லாம் எது எதுவென்று தெரிவதில்லை, திருவல்லிக்கேணியில் ஓர் அச்சகத்தின் மாடியில் நடந்த காமிக்ஸ் பத்திரிகை அது, கதை ஞானசிகாமணி, படம் நான், அவர் பதினோரு வருடம் பட்டாளத்தில் இருந்து, பனியில் மூன்று கால்விரல்களை இழந்துவிட்டு வந்தவர், அந்தக் குளிருக்கு நல்ல பூட்ஸ் வரலம்மா, பதக்கம் மட்டும் பெட்டி பெட்டியா வந்துச்சு, அத அப்படியே எழுத முடியுமா, அதான் சிரிப்பா எழுதறேன் என்பார், மேஜரின் மார்பு நிறையப் பதக்கம் என்று மட்டும்தான் எழுதித் தருவார், அந்தக் கனத்தில் அவரைச் சாய வைத்தது நான், என் பென்சில்.

எல்லையில் சண்டை மூண்ட மாதத்தில் யாரோ புகார் எழுதிப் போட, இன்ஸ்பெக்டர் படியேறி வருகிறார், என் மேசை மேலிருந்த பக்கங்களைப் புரட்டுகிறார், ஓர் இடத்தில் அவர் உதடு லேசாக விரிகிறது, அடக்கிக்கொள்கிறார், ராணுவ அதிகாரியை இப்படிச் சாய வச்சது யாரோட யோசனை என்று கேட்கிறார், ஞானசிகாமணி என்னைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்தார், நான் சொல்கிறேன், இத்தனை வருடமாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன், அவர் எழுதிக் குடுக்கறத வரையறேன் சார், அவ்வளவுதான், ஆமா சார், எல்லாம் என்னோடதுதான் என்று ஞானசிகாமணி எழுந்தார், செருப்பை மாட்ட அவருக்கு எப்போதும் நேரமாகும், இன்ஸ்பெக்டர் காத்திருந்தார்.

நாற்பத்திரண்டு நாள் கழித்துத்தான் அவரை வெளியே விட்டார்கள், அதற்குள் பத்திரிகை நின்றுபோயிருந்தது, நான் வேறோர் அச்சகத்தில் குழந்தைகளின் பாடப் புத்தகத்துக்கு மாம்பழமும் அணிலும் வரைந்துகொண்டிருந்தேன், ஒரு மாலை பஸ் நிறுத்தத்தில் பக்கத்தில் வந்து நின்றார், இளைத்திருந்தார், நான் வாயைத் திறப்பதற்குள் அவரே பேசினார், அங்க போலீஸ்காரங்க அந்த இதழக் கைமாத்திக் கைமாத்திப் படிச்சாங்கம்மா, மேஜர் சாயற எடத்துலதான் விழுந்து விழுந்து சிரிச்சாங்க, எப்படிய்யா தோணுச்சுன்னு என் கையைப் புடிச்சுக் குலுக்குனாங்க, என்னோடது இல்லன்னு நானும் சொல்லல, தப்பா எடுத்துக்காத. அவர் மன்னிப்புக் கேட்கிறார் என்பது புரிய எனக்குச் சற்று நேரமானது, பஸ் வந்தது, ஏறிக்கொண்டு, உள்ளே நகராமல் படியிலேயே எனக்கு இடம் விட்டு நின்றார், வரலியாம்மா, இதுதான உன் பஸ், இல்ல சார், என்றேன், நான் அடுத்ததுல வரேன்.