கரோலினின் வைக்கோல் தொப்பி

1

கிட்ட வந்து உக்காருங்க கண்ணுகளா, ஒரு தொப்பிக் கதை சொல்றேன். தொண்ணூற்று நாலில் கோபி பஸ் ஸ்டாண்டில் வைக்கோல் தொப்பி போட்ட ஒரு பெண்ணைப் பார்த்தேன். பக்கத்தில் அவள் அம்மா. தொப்பிக்குக் கீழே ஒரு முடிகூடத் தெரியவில்லை. நான் எதுவும் கேட்கவில்லை. பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார்கள். மிச்சமெல்லாம் நானாகக் கட்டியது.

2

தை மாத வெயிலில் விமலாராணி வரப்பின் மேல்...

(இல்லை. இப்படித் தொடங்கினால் தொப்பி வெயிலுக்கு என்று நினைத்துப்போடுவீங்க.)

தம்பி பிராங்க்கின் கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்றாள் கரோலின். கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் ஏற்றிய மருந்தில் அவள் முடி முழுக்கக் கொட்டியிருந்தது. முக்காடு போட்டாலும் மொட்டைத் தலையில் நிற்காமல் வழுக்கி விழுந்தது.

"அம்மா ஒரு தொப்பி பின்னித் தாரேன் கண்ணு, வந்துரு" என்றாள் விமலாராணி.

களத்து வைக்கோல் டிராக்டர் ஏறி நசுங்கியது, பின்னினால் பிளந்தது. அதனால் அறுப்பு வயலுக்கே போய், கதிரை மட்டும் கத்தரித்து வயல்காரரிடம் கொடுத்துவிட்டு முழு நெல்தாளாக வாங்கி வந்தாள். ஊறவைத்து, ஈரம் காயுமுன் பின்னி, வட்டமாகச் சுற்றித் தைத்தாள்.

[நானும் பின்னிப் பார்த்தேன். எனக்கு வந்தது சோத்துப்பானை வைக்கிற பிரிமணை.]

தொப்பியைப் போட்டு வந்து நின்ற அக்காவைப் பார்த்து பிராங்க் வாயைப் பொத்திக்கொண்டான். "ஏனுங்க துரைசாணி, ஊட்டிக்கு எந்த பஸ்ஸுங்க?"

"போடா. உம்பொண்டாட்டி என்னையப் பாத்துப் பொறாமைப்படப் போறா."

எத்தனையோ மாதங்களுக்கு அப்புறம் கரோலின் சிரித்தாள். விமலாராணி சமையல்கட்டுக்குப் போய் அழுதாள்.

3

மாதா கோயில் வாசலில் உபதேசியார் ஆரோக்கியதாஸ் நின்றிருந்தார்.

"ஏனுங் கண்ணு, கோயிலுக்குள்ள தொப்பி ஆகாதுங்களே. கழட்டிக் கையில வெச்சுக்குங்க."

பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது. கோயிலில் பெண்கள் முக்காடு போடணும், தொப்பி என்றால் மட்டும் கழட்டணும். பிறந்ததிலிருந்து அந்தக் கோயிலுக்குப் போன விமலாராணிக்குப் பின்னும்போது இது தோன்றவே இல்லை. பிள்ளை தலையை மூடணும் என்பது ஒன்றுதான் மனசில் இருந்தது.

உள்ளே பாட்டு தொடங்கியது. கரோலின் கை தொப்பி விளிம்புக்குப் போனது.  

4

ஒரு முடிவில் பூசை வைக்கிற பங்குச் சாமியார் ஓடிவந்து, "அப்படியே வாம்மா" என்கிறார். எழுதினேன், அடித்தேன். நேரத்துக்கு யார் வாராங்க, சொல்லுங்க?

இன்னொன்றில் கழட்டிவிட்டு நடக்கிறாள், கோயிலே அழுகிறது. அதையும் அடித்தேன். ஊர் அழுது நல்லபேர் வாங்க, அந்தப் பிள்ளை தலையை நான் எதுக்குத் திறந்து காட்டோணும்?

மூன்றாவதில் அம்மாவும் மகளும் திரும்பி ஊட்டுக்கு...

(முடியலைங்க.)

கரோலின் கை விளிம்பிலேயே இருக்கட்டும். வாசலில் இப்போது நீங்களும் நிற்கிறீங்க. அவளிடம் என்ன சொல்வீங்களோ, அதுதான் முடிவு. சொல்லிப்போட்டுப் போங்க.

உங்க ஊட்டுப் புள்ளைங்க தலை நரைக்க நரைக்க வாழோணும். உங்க வாசப்படி ஏறி வாரவங்க யாரும் கூசி நிக்காம இருக்கோணும், சாமி.