ஒளி பார்க்க உட்கார்ந்தவன்

முகுந்தனின் பதினாறாம் நாள் காரியத்துக்கு மாலை போட ஒரு படம் வேண்டியிருந்தது. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் பூக்கடைகளுக்கு மேல்மாடியில் மாதவியின் ஸ்டூடியோ. கறுப்பு வெள்ளையில் முகங்களை எடுப்பதில் பேர் வாங்கியவள். கட்டிய புருஷன் முகுந்தனின் முகம் மட்டும் அவளிடம் தெளிவாக ஒன்றுகூட இல்லை.

நெஞ்சு வலி என்று வேலையிடத்தில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. அடக்கத்தன்று அவசரத்துக்கு ஐசி அடையாள அட்டைப் படத்தைத்தான் பெரிதாக்கி வைத்தார்கள். அதில் அவன் வரிசையில் நின்று அலுத்துப்போனவன் மாதிரி இருந்தான்.

கிள்ளானிலிருந்து அவனுடைய தங்கை லோகேஸ்வரி கூப்பிட்டாள். "அண்ணி, என் போன்ல ஒண்ணு இருக்கு. போன வருஷம் ஒரு கல்யாணத்துல எடுத்தது. அதையே வெட்டி பிரேம் போட்டுடலாமா?"

"வேணாம் லோகா. அவரு படத்த நான்தான் தரணும்."

சொல்லிவிட்டாள். கணினியில் பழைய படங்களைத் தேட உட்கார்ந்தாள்.

அவனை அவள் எடுக்காமல் இல்லை. வாடிக்கையாளர் வருவதற்கு முன் விளக்குகளைச் சரிபார்க்க யாராவது ஸ்டூலில் உட்கார வேண்டும். லீவு நாளென்றால் அவன்தான், காலைச் சாப்பாட்டை வாங்கி வைத்துவிட்டு. கன்னத்தில் நிழல் எங்கே விழுகிறது என்று மட்டும் பார்ப்பாள். போகஸ் பற்றிக் கவலைப்பட மாட்டாள்.

"பாஸ், முடிஞ்சுதா? நாசி லெமாக் ஆறுது லா."

"அசையாம இருங்க."

"எத்தன வருஷமா அசையாம இருக்கேன், ஒரு படமாவது கையில குடுத்தியா?"

வாடிக்கையாளர் படியேறும் சத்தம் கேட்டதும் அவன் எழுந்துவிடுவான். அன்று மாலையே அந்தப் படங்களை அழித்துவிடுவாள். சோதனைப் படங்களை யார் சேர்த்து வைப்பார்கள்?

யாரோ ஒரு மணப்பெண்ணின் படங்களுக்கு நடுவே அழிக்க மறந்த ஒன்று கிடைத்தது. முகுந்தன் லென்ஸைப் பார்க்கவில்லை. அதற்குச் சற்று மேலே, அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஏதோ சொல்ல வாயெடுத்த முகம். போகஸ் அவனுக்குப் பின்னாலிருந்த திரையில் விழுந்திருந்தது. திரையின் ஒவ்வொரு மடிப்பும் துல்லியமாக இருந்தது. அவன் கண்கள் நீரில் கரைந்த மை மாதிரி இருந்தன.

அந்த நேரத்தில் எதைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று யோசித்தாள். விளக்கை, இல்லாவிட்டால் கடிகாரத்தை. அவனை இல்லை.

மங்கலான படத்தைக் காப்பாற்ற அவளுக்கு ஒரு வழி தெரியும். பழைய பிலிம் படங்களில் இருக்குமே பொடிப்பொடியான புள்ளிகள், அந்த கிரெய்னைக் கணினியில் மேலே தூவினால் கண் ஏமாந்துபோகும். புள்ளிகளின் கூர்மையை முகத்தின் கூர்மை என்று நினைத்துக்கொள்ளும். பல பேருக்குச் செய்து கொடுத்திருக்கிறாள். "இவ்ளோ விலை குடுத்து கேமரா வாங்கி, பளிச்சுனு எடுத்துட்டு, அப்புறம் அதுமேல மண்ண அள்ளிப் போடுற" என்று முகுந்தன் சிரிப்பான்.

நிறத்தை நீக்கினாள். புள்ளிகளைச் சேர்த்தாள். போதவில்லை, கண்களுக்காக இன்னும் கொஞ்சம், பெரிதாகவும் கரடுமுரடாகவும். நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிப் பார்த்தபோது அவன் வந்துவிட்டான். கண்ணில் அந்தக் குறும்புகூட வந்துவிட்டது. அன்றுதான் மாதவி வாய்விட்டு அழுதாள்.

காரியத்தன்று கிள்ளான் வீட்டில் படையலுக்கு எதிரே படத்தை வைத்தாள். மாமியார் இராஜம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். முந்தானையை எடுத்து மகனின் நெற்றியைத் துடைத்தார், பிறகு கன்னத்தை. மறுபடியும் நெற்றியை, அழுத்தி.

"தூசி போக மாட்டேங்குதே மாதவி."

"தூசி இல்லம்மா, அது ஸ்டைலு," என்றாள் லோகேஸ்வரி மெல்ல.

"எம்புள்ள மொகத்துல எதுக்குடி ஸ்டைலு?" இராஜம்மா இன்னும் கிட்டே போனார். மூக்கு படத்தின் கண்ணாடியில் இடித்தது. "தூர இருந்தா இருக்கான். கிட்ட வந்தா காணோம்."

அத்தை, அந்தப் புள்ளிகளுக்கு அடியில் ஒன்றும் இல்லை, நான் சரியாக எடுக்கவில்லை என்று சொல்ல வேண்டும். மாதவி படத்தின் சட்டத்தை நேராக்கி வைத்தாள்.

லோகேஸ்வரி அறைக்குப் போய் இன்னொரு படத்தோடு வந்தாள். தன் போனிலிருந்த கல்யாணப் படத்தை, எதற்கும் இருக்கட்டும் என்று பக்கத்துக் கடையில் பிரேம் போட்டு வைத்திருக்கிறாள். வண்ணப் படம். நெற்றியில் எண்ணெய்ப் பளபளப்பு, தோளில் யாருடைய கையோ பாதி வெட்டுப்பட்டு. ஆனால் ஒவ்வொரு இமைமயிரும் தெரிந்தது. இராஜம்மா அந்தக் கன்னத்தில் உள்ளங்கையை வைத்து, "வந்துட்டியாப்பா," என்றார்.

மாலையை அதற்குத்தான் போட்டார்கள். போடும்போது மாதவியும் ஒரு முனையைப் பிடித்தாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க அண்ணி," என்றாள் லோகேஸ்வரி வாசலில்.

"உன் படம் நல்லாருக்கு லோகா. நீ அவரப் பாத்து எடுத்திருக்க."

கொம்யூட்டர் ரயிலில் தன் படத்தை மடியில் கவிழ்த்து வைத்தபடியே திரும்பினாள்.

மறுநாள் காலை ஒரு குடும்பம் வருவதாக இருந்தது. விளக்குகளைப் போட்டாள். ஸ்டூலை இழுத்து வழக்கமான இடத்தில் வைத்தாள். கேமராவின் பின்னால் நின்றதும், "அசையாம" என்று வாய் தானாகத் தொடங்கி நின்றுபோனது.

முதல் தடவையாக, அவசரப்படாமல், ஸ்டூலின்மேல் போகஸ் வைத்தாள். எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தாள். மரத்தின் ரேகைகள், உட்கார்ந்து உட்கார்ந்து வழுவழுப்பான விளிம்பு, எல்லாம் அத்தனை தெளிவாக இருந்தன. எதையும் தூவ வேண்டியிருக்கவில்லை.

படியில் காலடிச் சத்தம் கேட்டது. ஸ்டூலிலிருந்து எழுந்துகொள்ள யாரும் இல்லை.