தக்காளிக்கு விழுந்த ஓட்டு

அன்றைய கூட்டத்தில் இருந்தவர்களும் அவர்கள் உட்கார்ந்த இடங்களும் இவை. மாதா கோயில் வளாகத்து ஞானோபதேச அறையில், கைப்பிடி வைத்த ஒரே நாற்காலியில் ஓசூர் ‘மின்மினி சிப்ஸ்’ கம்பெனி மேனேஜர் நஞ்சப்பன். அவருக்கு வலப்பக்கம் ஸ்டூலில், அதே கம்பெனியின் சேல்ஸ்மேன் கஸ்பார், இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையில். முதல் பெஞ்சில் மாதையன். முட்டிவலிக்காகக் காலை நீட்டி, மூன்று பேர் இடத்தை ஒருத்தராக அடைத்துக்கொண்டிருந்தார். சன்னலோரம் தரையில் பெரியம்மாள், மடியில் பேத்தி. பின்சுவரை ஒட்டி, தக்காளி நட்ட மற்ற ஆறு வீட்டார். கதவருகே கஸ்பாரின் மனைவி இசபெல்லா, உள்ளேயும் இல்லாமல் வெளியேயும் இல்லாமல் நின்றாள். மேசைக்கு இடப்பக்கம், மடியில் நோட்டுப் புத்தகத்துடன் இசபெல்லாவின் அக்கா பாக்கியமேரி.

நாற்காலியில் உட்காரச் சொல்லித்தான் மேனேஜர் முதலில் பாக்கியமேரியைக் கேட்டார். “நீங்கதாம்மா இங்க ஓட்டு வேட்டை ஆடினவங்க” என்றார். அவள் கூச்சப்பட்டு மறுத்துவிட்டாள். ஆனால் அந்த வார்த்தை அவளுக்கு உள்ளுக்குள் இனித்தது. அதை ஏன் மறைக்க வேண்டும்.

விஷயம் இதுதான். 1985 ஜூன் மாதம் மின்மினி கம்பெனி ஒரு நோட்டீஸ் போட்டது. தீபாவளி முதல் பொங்கல் வரை மட்டும் ஒரு புது ருசியில் சிப்ஸ் போடப் போகிறோம். தக்காளியா, பூண்டா, கொத்தமல்லியா என்று மக்களே சொல்லட்டும். ஆளுக்கு ஒரு போஸ்ட் கார்டு. மாரண்டஹள்ளிப் பக்கம் வேன் கொண்டுவரும் கஸ்பார் அந்த நோட்டீஸை நேரே பாக்கியமேரி வீட்டுக்குத்தான் கொண்டுவந்தான்.

“அக்கா, தக்காளி சிப்ஸு போடறவன் தக்காளி வாங்காம என்ன பண்ணுவான்? ஓசூர்ல இருந்து பாத்தா பக்கத்துல யாரு இருக்கா? நாமதான.”

ஐப்பசி, கார்த்திகையில் அந்தப் பக்கம் தக்காளி என்ன பாடு படும் என்பது எல்லோருக்கும் தெரியும். பஸ் ஸ்டாண்டு ஓரம் கூடை கூடையாகக் கொட்டி மாட்டுக்கு விட்டுப் போவார்கள். அந்த மாதங்களில் பழம் எடுக்க ஒரு கம்பெனி வருமென்றால் யாருக்குத்தான் கசக்கும்.

பாக்கியமேரி எட்டாவது வரை படித்தவள். வீட்டுக்காரர் பெங்களூரில் மேஸ்திரி வேலை. அவருக்கு வாரம் ஒரு கடிதம் எழுதி எழுதி, கடிதம் என்றால் அவளுக்கு ஒரு ஒழுங்கு வந்திருந்தது. தேதி மேலே வலப்பக்கம், விஷயத்துக்கு நம்பர், கடைசியில் படித்துக் காட்டாமல் மடிக்கக் கூடாது. ஊரில் முக்கால்வாசிப் பேருக்கு அவள்தான் கார்டு எழுதுவாள். இந்த ஓட்டையும் அப்படியேதான் எழுதினாள். வீடு வீடாகப் போய், பூண்டு வேண்டுமென்றால் பூண்டு என்றே எழுதுகிறேன் என்று சொல்லி, எழுதியதைப் படித்துக் காட்டி, பால் சொசைட்டியில் மை டப்பாவை இரவல் வாங்கிக் கைநாட்டு வைத்துக்கொண்டாள். இருநூற்றுப் பதினான்கு கார்டு. அதில் பூண்டு மூன்று, கொத்தமல்லி ஒன்று. மீதி அத்தனையும் தக்காளி. தேதி, பேர் எல்லாவற்றையும் நோட்டிலும் குறித்துக்கொண்டாள்.

கார்டு எழுதும்போது அவள் சொன்ன வார்த்தையும் எல்லா வீட்டிலும் ஒன்றுதான். “ஜெயிச்சா கம்பெனி நம்ம பழத்த எடுக்கும்.”

ஆகஸ்ட் முதல் வாரம் தக்காளி ஜெயித்ததாகத் தகவல் வந்தது. ஒன்பது வீட்டார் விதை வாங்கினார்கள். மாதையன் அவரைக்காய் போட வைத்திருந்த நிலத்தில் தக்காளி நட்டார். பெரியம்மாள் ராகி விதைக்காமல் விட்டாள். பாக்கியமேரியும் தன் அரை ஏக்கரில் நட்டாள். மாதையன் தோட்டத்தில் நடவு நடந்த அன்று கஸ்பார் பேண்ட்டை முழங்கால் வரை மடித்துவிட்டுக்கொண்டு இறங்கி, இரண்டு பாத்தி நாற்றைத் தன் கையாலேயே நட்டான். “கம்பெனி ஆளே நட்டுட்டான், இனிமே என்ன” என்று மாதையன் சிரித்தார். கொள்முதல் எப்போது, எத்தனை பெட்டி என்று பாக்கியமேரி இரண்டு தடவை கேட்டாள். “மேனேஜரே நேர்ல வந்து பேசுவாருக்கா” என்றான்.

அந்த மேனேஜர்தான் இப்போது வந்திருந்தார். அக்டோபர் முதல் ஞாயிறு, பூசை முடிந்த கையோடு. செடிகள் காய் பிடித்திருந்தன.

நஞ்சப்பன் நல்ல மனிதர் மாதிரித்தான் தெரிந்தார். கன்னடம் கலந்த தமிழில் எல்லோருக்கும் வணக்கம் சொல்லி, மூன்று பாக்கெட்டையும் தானே பிரித்து, தட்டுகளில் கொட்டி வரிசையாக நகர்த்தினார். “தோத்ததையும் சாப்பிட்டுப் பாருங்க. எதை ஜெயிச்சோம்னு தெரிய வேணாமா?”

கொத்தமல்லி பச்சையாகப் புல் வாசம் அடித்தது. பூண்டுத் தட்டு பெரியம்மாளிடம் போய் அங்கேயே தங்கிவிட்டது.

“ஏ பெரியம்மா, நீ தக்காளிக்குத்தான கைநாட்டு வெச்ச?” என்று பின்னாலிருந்து ஒருத்தர் கேட்டார்.

“ஓட்டு அதுக்கு, வாய் இதுக்கு. உனக்கு என்ன வந்துது?” என்றாள்.

அறை முழுக்கச் சிரிப்பு. அதன் பிறகு தக்காளி. சிவப்புப் பொடி தூவிய சிப்ஸ், விரலில் ஒட்டியது. பாக்கியமேரி ஒன்றை வாயில் போட்டாள். முதலில் உப்பு, பிறகு நாக்கின் நுனியில் சுரீரென்று ஒரு புளிப்பு, கடைசியில் லேசாக ஒரு தித்திப்பு. நன்றாக இருந்தது. இன்னொன்று எடுக்கக் கை போனது.

மாதையன் மட்டும் மெல்லாமல் வாயில் ஊற வைத்துக்கொண்டிருந்தார். பழம் வாங்க வரும் வியாபாரியின் முன்னால் பழத்தைக் கடித்துக் காட்டுவாரே, அதே முகம். முழுங்கிவிட்டுக் கேட்டார்.

“ஐயா, இது நாட்டுத் தக்காளியா, பெங்களூர்த் தக்காளியா? நாங்க பெங்களூரு நட்டிருக்கோம். புளிப்பு பத்துமா?”

“ரெண்டும் இல்லீங்க” என்றார் நஞ்சப்பன், சாதாரணமாக. “இது பொடி. பம்பாயில இருந்து டப்பாவுல வருது.”

“அந்தப் பொடிக்குப் பழம்?”

“பழம் எங்கங்க? எசென்ஸு, புளிப்புக்கு எலுமிச்ச உப்பு, கொஞ்சம் சக்கரை, செவப்புக் கலரு. நெசத் தக்காளி போட்டா சிப்ஸு நமுத்துப் போயிரும். ரெண்டு நாள் தாங்காது.”

பின்சுவர்ப் பக்கம் யாரோ இருமினார்கள். மாதையன் நீட்டிய காலை மெதுவாக மடக்கினார்.

“அப்ப எங்க பழத்த எப்ப எடுப்பீங்க?”

நஞ்சப்பனுக்குக் கேள்வி விளங்கவில்லை. அது நடிப்பில்லை, பாக்கியமேரி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கஸ்பார் பக்கம் திரும்பினார். “என்ன பழம் கஸ்பார்? நீங்க இவங்களுக்கு விவரம் சொல்லலையா? மே மாசமே பொடி டப்பாவப் பிரிச்சு, மொத ருசி பாத்தது நீங்கதான?”

கஸ்பார் சட்டைப் பைக்குள்ளிருந்த பேனாவை எடுத்து, மறுபடி செருகினான்.

மே மாதம். நோட்டீஸ் வந்தது ஜூனில். பாக்கியமேரி நோட்டைத் திறந்து பார்க்கவில்லை. பார்க்கத் தேவையும் இல்லை.

நஞ்சப்பன் வருத்தப்பட்டார். கம்பெனி ஒரு காலத்திலும் தக்காளி வாங்குவதாகச் சொல்லவில்லை என்றார், அதுவும் உண்மைதான். புது பாக்கெட்டின் அட்டையைக் காட்டினார். ‘மாரண்டஹள்ளி மக்கள் தேர்ந்தெடுத்த தக்காளி ருசி’ என்று மஞ்சள் எழுத்தில் போட்டிருந்தது. வீட்டுக்கு ஆறு பாக்கெட் கொடுத்தார். ஒருவரும் சத்தம் போடவில்லை. வாங்கிக்கொண்டு ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். போகும்போது எல்லோரும் மேனேஜருக்கு வணக்கம் சொன்னார்கள். பாக்கியமேரியிடம் சொல்லிக்கொண்டவர் ஒருவரும் இல்லை.

வேன் பக்கம் கஸ்பாரை நிறுத்தினாள்.

“தெரிஞ்சேதான் சொன்னியா தம்பி?”

“பொடின்னு தெரியும்க்கா. பழமே வாங்க மாட்டாங்கன்னு எனக்கென்ன தெரியும்? பின்னாடி மனசு மாறலாமில்ல.”

“நாத்து நட்டியே.”

“எல்லாரும் நட்டாங்க, நானும் நட்டேன். சும்மா நிக்கச் சொல்றீங்களா?” குரலைத் தாழ்த்திக்கொண்டான். “கோவிச்சுக்காதீங்க. எந்த சேல்ஸ்மேன் லைன்ல கார்டு அதிகமோ அவனுக்குத்தான் சூப்பர்வைசர் போஸ்ட்டு. தர்மபுரி, கிருஷ்ணகிரி எல்லாத்தையும் தாண்டிட்டோம், உங்களாலதான். உங்கள நான் மறக்க மாட்டேன்க்கா.”

அவன் நிஜமாகவே நன்றி சொன்னான். அவளுக்கு அதைத்தான் தாங்க முடியவில்லை.

திங்கட்கிழமை காலை அவள் நோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். கேட்டு எழுதிய ஓட்டைக் கேட்டுத்தான் திருப்பி வாங்க வேண்டும். அது அவள் கணக்கு. கம்பெனிக்குக் கடிதம் எழுதப் போகிறேன், உங்கள் பேரை எடுத்துவிடச் சொல்லட்டுமா என்று ஒவ்வொரு வீட்டிலும் கேட்டாள்.

மாதையன் செடிக்கு முட்டு கட்டிக்கொண்டிருந்தார். “எடுத்துடு மேரி” என்று மட்டும் சொன்னார். அவள் நின்றாள். “இன்னும் என்ன? மை வெக்கணுமா?” என்று கட்டை விரலை நீட்டிக் காட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

சில வீடுகளில் சிரித்தார்கள். சில வீடுகளில், பிள்ளைகள் ஆசையாகத் தின்கிறார்கள், பேர் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும் என்றார்கள். பெரியம்மாள் முறத்தைக் கீழே வைக்காமலே பதில் சொன்னாள்.

“எம் பேரு அங்கியே கெடக்கட்டும்.”

“ஏமாத்திட்டாங்களே, அதனால...”

“யாரு ஏமாத்துனது? கம்பெனிக்காரன் மூஞ்சிய நான் நேத்துதான் பாத்தேன். உம் மூஞ்சியப் பாத்துதான் ராகி வெதைக்காம வுட்டேன்.” முறத்தில் இரண்டு தட்டுத் தட்டினாள். “அதுக்கு எந்த அட்ரசுக்கு எழுதுவ, சொல்லு.”

பாக்கியமேரி அங்கிருந்து வீட்டுக்கு எப்படி வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. மத்தியானச் சோறு வடித்து வைத்துவிட்டு, வெள்ளைத் தாளை எடுத்து வலப்பக்கம் தேதி போட்டாள். ‘மின்மினி கம்பெனி மேனேஜர் அவர்களுக்கு’ என்று எழுதும்போது இசபெல்லா வந்தாள். கையில் பாத்திரத்தில் ஏதோ கொண்டுவந்திருந்தாள். அதை அடுப்பு மேடையில் வைத்துவிட்டு, அக்காவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

“லெட்டர் போடறியாமே.”

“ஆமா.”

“போடு. கம்பெனிய என்ன வேணா எழுது. அவரு பேர மட்டும் எழுதாதக்கா. இன்னும் சூப்பர்வைசர் ஆர்டரு வரல. இந்த நேரத்துல மேல இருந்து கேட்டா இருக்கற வேலையும் போயிரும்.”

“எங்களுக்குச் சொன்னது அவன்தான?”

“சொன்னாரு. நீயும்தான் ஊருக்குச் சொன்ன.”

“நான் நம்பிச் சொன்னேன், இசபெல்லா.”

தங்கை சேலைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். பாக்கியமேரி பேனாவைக் கீழே வைத்தாள்.

“உனக்கு எப்பத் தெரியும்?”

வெளியே ஆடு கத்தியது. இசபெல்லா எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தாள். அப்படியே போய்விட்டால்கூடத் தேவலை என்றிருந்தது.

“நீ வெத வாங்கப் பாலக்கோடு போனியே, அன்னிக்கு” என்றாள் இசபெல்லா. “மொத நா ராத்திரிதான் அவரு சொன்னாரு. உங்கிட்ட சொல்லிரலாம்னுதான் ஓடியாந்தேன். நீ பஸ்ஸுக்கு நின்னுட்டிருந்த. அந்த நீலச் சேலைய கட்டிட்டு. எவ்ளோ நாளாச்சு உன்ன அப்படிப் பாத்து. எனக்கு வாய் வரல.”

“பஸ்ஸு வர வரைக்கும் எங்கூட நின்ன. வாழப்பழம் வாங்கிக் குடுத்த.”

“ஆமா.”

“ரெண்டு மாசம், இசபெல்லா.”

“எனக்கும் ரெண்டு புள்ள இருக்குதுக்கா.”

இசபெல்லா எழுந்தாள். கொண்டுவந்த பாத்திரத்தை எடுத்துக்கொள்வதா, வைத்துவிட்டுப் போவதா என்று ஒரு கணம் தயங்கினாள். வைத்துவிட்டுப் போனாள்.

பாக்கியமேரி தாளைப் பார்த்தாள். கஸ்பார் பேரை விட்டுவிட்டு எழுதினால் தங்கை வீடு தப்பும். அப்படி எழுதினால் அந்தப் பொய்க்குச் சொந்தக்காரி யார்? ஊரைப் பொறுத்தவரை அவள் ஒருத்திதான். அவன் பேரை மட்டும் எழுதினால் அதுவும் பாதிதான் உண்மை. பேனாவை எடுத்தாள்.

‘1. தக்காளிக்கு என்று எங்கள் ஊரிலிருந்து வந்த கார்டுகளை எழுதியவள் நான். கம்பெனி தக்காளி வாங்கும் என்று எனக்குச் சொன்னவர் தங்கள் சேல்ஸ்மேன் கஸ்பார். மற்றவர்களுக்குச் சொன்னவள் நான்.

2. இத்துடன் உள்ள பட்டியலில் தொண்ணூற்றாறு பேர் தங்கள் ஓட்டைத் திரும்பப் பெறுகிறார்கள். அதில் முதல் பேர் என்னுடையது. மற்றவர்கள் தங்கள் ஓட்டு இருக்கட்டும் என்கிறார்கள்.

3. அட்டையில் எங்கள் ஊர்ப் பேரைப் போட்டிருக்கிறீர்கள். பழம் வாங்காத கம்பெனிக்குப் பேர் மட்டும் எதற்கு? அதை எடுத்துவிடவும்.

4. ஒன்பது வீட்டுப் பழம் அடுத்த மாதம் பழுக்கும்.’

நாலாவதுக்குக் கீழே என்ன கேட்பது என்று தெரியவில்லை. வாங்கிக்கொள்ளுங்கள் என்று எழுத மனம் வரவில்லை. அப்படியே நிறுத்திக் கையெழுத்துப் போட்டாள். எழுதியதை வாய்விட்டு ஒரு தரம் படித்தாள். கேட்க அங்கே யாரும் இல்லை.

மூன்றரைக்குப் போஸ்ட் ஆபீஸ் போனாள். போஸ்ட் மாஸ்டர் ஸ்தனிஸ்லாஸ் முகவரியைப் படித்துவிட்டு அவளை ஏறிட்டுப் பார்த்தார். கஸ்பார் கல்யாணத்துக்கு மாப்பிள்ளைத் தோழனாக நின்றவர் அவர்.

“ரிஜிஸ்டரா?”

“ஆமாங்க. அக்னாலெட்ஜ்மென்ட் கார்டோட.”

“நாளைக்கு அனுப்பிக்கலாமே மேரி. ஒரு ராத்திரி யோசிச்சு...”

“இல்லீங்க. இன்னைக்கு பைலயே போடுங்க.”

அவர் கோந்து டப்பாவை நகர்த்தினார். அவள் கவரின் நாக்கில் ஓரம் முழுக்கத் தடவி மடித்து, கட்டை விரலால் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை அழுத்திக்கொண்டு போனாள். ஸ்தனிஸ்லாஸ் தபால்தலை ஒட்டி முத்திரை குத்தினார். ரசீதைக் கிழித்துக் கொடுத்தார். கவரைத் தபால் பைக்குள் போட்டு, பையின் வாயைச் சணலால் கட்டி, அரக்கு வைத்து, நாலு மணி பஸ் வந்ததும் கண்டக்டர் கையில் கொடுத்தார்.